தலைச்சன் பிரசவத்துக்குத் துணை தேடுபவர்களுக்கு: எதை எடுப்பது, எதை விடுவது, யாரைக் கேட்பது

சோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றைக்கே வீட்டுக்குள் வைத்தியம் வரத் தொடங்கிவிடும். மாமியார் குங்குமப்பூ வாங்கி வைப்பார். பக்கத்து வீட்டு அக்கா கஷாயம் சொல்வார். போனைத் திறந்தால் கர்ப்பகால யோகா, நறுமண எண்ணெய், அக்குபஞ்சர், பிரசவப் பயிற்சி வகுப்பு என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவது நாம்தான்.

எனக்கு இரண்டு பிரசவம் ஆகியிருக்கிறது. முதலாவதில் லேகியம், எண்ணெய், பெல்ட், புத்தகம் எல்லாம் இருந்தன. பிரசவ அறையில் பக்கத்தில் ஒருத்தர் இல்லை. இரண்டாவதில் சாமான் குறைவு, ஆனால் அண்ணி கூடவே இருந்தார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசத்தைத்தான். தமிழ்நாட்டில் முதல் முறையாகத் தாயாகப் போகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பதிவு

மற்ற எதைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னால், 12 வாரம் முடிவதற்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். ஊரில் என்றால் கிராம சுகாதார செவிலியர், நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். பிக்மி என்ற அரசுத் தளத்தில் பதிவானதும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். பிறகு அலைவதைவிட இப்போதே வாங்கி, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

இந்தப் பதிவுதான் மற்ற உதவிகளுக்கும் வாசல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும்; மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். (1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண்மணியின் பெயர் ஒரு கர்ப்பிணியின் வங்கிப் புத்தகம் வரை வந்து சேர்வது எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியாக இருக்கும்.) அரசு சுகாதார நிலையங்களில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் இலவசமாகப் பரிசோதனை செய்கிற ஏற்பாடு 2016-லிருந்து இருக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். சமுதாய வளைகாப்பு நடக்கும்போது தயங்காமல் போங்கள். வளையல், சாப்பாடு எல்லாம் இருந்தாலும் உண்மையான பயன் வேறு: உங்கள் தெருவில் இன்னும் யார் யார் அதே மாதத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்த ஒரு தோழி இன்றும் கூட இருக்கிறாள்.

நான்கு எண்களைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்; கணவர் போனிலும் மாமியார் போனிலும்கூட. அவசரத்துக்கு 108. பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டு விடும் அரசு ஊர்திக்கு 102. மருத்துவ ஆலோசனைக்கு 104. மனம் சம்பந்தப்பட்ட உதவிக்கு 14416.

வருகிற வைத்தியத்தை எல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்

யார் எதைச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: இது உடம்புக்குள்ளே போவதா, உடம்பின் மேலே படுவதா, உடம்புக்குப் பக்கத்தில் இருப்பதா?

உள்ளே போவது எதுவானாலும், கஷாயம், லேகியம், சூரணம், மாத்திரை, நாட்டு மருந்து, ‘வெறும் மூலிகைதான்’ என்று சொல்லப்படும் எதுவானாலும், மருத்துவரிடம் சொல்லாமல் வாயில் வைக்கக் கூடாது. மேலே படுவது, அதாவது எண்ணெய், மசாஜ், ஒத்தடம், பெல்ட், ஊசி குத்தும் அக்குபஞ்சர் இவற்றுக்கு, செய்கிறவர் யார், எந்த மாதத்தில், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பதற்கு, அதாவது ஆளுக்கு, பேச்சுக்கு, மூச்சுப் பயிற்சிக்கு, பாட்டுக்கு, கைபிடிப்பதற்கு யாருடைய அனுமதியும் அநேகமாகத் தேவையில்லை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. உள்ளே போவதை விசாரிக்காமல் ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம். பக்கத்தில் ஆள் இருப்பதைத்தான் யோசிப்பதே இல்லை.

சித்த மருத்துவத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. தமிழக அரசே 11 சித்த மருந்துகள் அடங்கிய ‘அம்மா மகப்பேறு சஞ்சீவி’ பெட்டகத்தைக் கொண்டுவந்தது. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவர் இருக்கிறார். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருந்து வேண்டுமென்றால் அங்கே போங்கள். அல்லது ஐந்தரை ஆண்டு படித்து பி.எஸ்.எம்.எஸ். பட்டம் பெற்று, தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரிடம் போங்கள். சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் வரும் பொடியும், செந்தூரம், பற்பம் என்று உலோகம் சேர்த்த மருந்தும் வேறு கதை. ஈயமும் பாதரசமும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகக்கூடியவை. பெட்டகத்தில் இருக்கும் மாதுளை மணப்பாகும் கரிசாலை லேகியமும் நல்லவைதான். ஆனால் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதிலாக அவற்றைச் சாப்பிடக் கூடாது. அந்த மாத்திரையையும் டீயோடோ, கால்சியம் மாத்திரையோடோ சேர்த்து விழுங்காதீர்கள். இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சம்பழச் சாற்றோடு குடித்தால் நன்றாகச் சேரும்.

குங்குமப்பூ பற்றி ஒரே வரி: பாலில் இரண்டு இழை போடுவதால் கெடுதல் இல்லை, குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. நிறம் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறக்கப் போவது பெண்ணாக இருந்தால் அந்தப் பேச்சு அவளைப் பல வருஷம் துரத்தும்.

மசக்கை முதல் இடுப்பு வலி வரை

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மசக்கைக்கு இஞ்சி என்று அதில் இருக்கிறது. நம் பாட்டி சொன்ன அதே இஞ்சி. வைட்டமின் பி6, அக்குபஞ்சர் இரண்டையும் கூடவே சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றோடு இருக்காமல் இரண்டு ரஸ்க், கொஞ்ச நேரம் கழித்து இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர், ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் ஐந்தாறு வேளையாகப் பிரிப்பது, இவை போதும் பலருக்கு. குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது என்றால் இஞ்சி வேலைக்கு ஆகாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இடுப்பு வலிக்குப் பிசியோதெரபி, கர்ப்பகால பெல்ட், நீருக்குள் நடப்பது, அக்குபஞ்சர் எல்லாம் உதவலாம். அக்குபஞ்சர் பற்றி மட்டும் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி குத்துவது வலியைக் குறைக்கலாம். ஆனால் நம் ஊரில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம், மாத்திரை விஷம், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிடம் எழுந்து வந்துவிடுங்கள். 2018-இல் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும். அதை நிறுத்தும் ஊசியும் ரத்தமும் வீட்டில் இருக்காது. மருத்துவத்தோடு சேர்ந்து வருவதுதான் துணை வைத்தியம். மருத்துவத்தை விடச் சொல்வது ஆபத்து.

நறுமண எண்ணெய்களில் ஒரு சொட்டைக்கூடக் குடிக்கக் கூடாது. தோலில் நேராகத் தடவவும் கூடாது. முதல் மூன்று மாதம் அதைத் தொடாமலே இருங்கள். மசாஜ் என்றால் கால், தோள், முதுகு போதும். குழந்தை குறுக்கே கிடக்கிறது, தலையைத் திருப்பி வைக்கிறேன் என்று வயிற்றை அழுத்தித் தேய்ப்பவரிடம் போகவே போகாதீர்கள்.

இரவில் ஆடுசதை பிடித்துக்கொண்டால் பாதத்தை மேல்நோக்கி மடக்கி நீட்டுங்கள். மாலையில் பாதம் வீங்கினால் கால்களைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி இவை பிபி ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். ரத்தம் கசிவது, நீர் ஒழுகுவது, காய்ச்சல், குழந்தை துடிப்பது குறைவது, வலிப்பு இவையும் ஆபத்தின் அடையாளங்கள். இந்த எதற்கும் கைவைத்தியம் கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

யோகா, மூச்சு, வகுப்பு

மருத்துவர் சம்மதித்தால் நான்காம் மாதத்திலிருந்து யோகா தொடங்கலாம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே பி.என்.ஒய்.எஸ். படித்த மருத்துவர் சொல்லித் தருவார், காசு கிடையாது. சென்னைக்காரர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெளியே வகுப்புக்குப் போனால் முதல் நாளே கேளுங்கள்: கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்கம் உண்டா? மூச்சை அடக்கும் பிராணாயாமம், தலைகீழ் ஆசனம், குப்புறப் படுப்பது, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து கிடப்பது வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் நடைப்பயிற்சியைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

யோகா செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று எந்த வகுப்பு விளம்பரம் செய்தாலும் நம்பாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். அந்தக் கணக்குக்குப் பின்னால் மருத்துவமனையின் வழக்கம், மருத்துவரின் நேரம், வீட்டாரின் பயம், நல்ல நேரம் பார்ப்பது எல்லாம் இருக்கின்றன. ஆபரேஷன் ஆனால், நீ ஒழுங்காகக் குனிந்து நிமிரவில்லை என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பழியைச் சுமக்காதீர்கள். யோகா தருவது நல்ல தூக்கம், குறைந்த படபடப்பு, வலி வரும்போது மூச்சு எங்கே இருக்கிறது என்று தெரிகிற பழக்கம். அதுவே பெரிய விஷயம்.

வகுப்பைவிட முக்கியமாக நான் நினைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் கணவரோடு மருத்துவமனைக்குப் போய் பிரசவ அறை எங்கே, ராத்திரி எந்த வாசல் திறந்திருக்கும், ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், பச்சிளம் குழந்தைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிரசவத் துணை

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

என் முதல் பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. உள்ளே யாரையும் விடமாட்டோம் என்றார்கள். பதினோரு மணி நேரம் ஒரு கட்டிலில் மல்லாந்து கிடந்து மேலே மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இரவில் எனக்கு ஞாபகம் இருக்கும் ஒரே இதம், பணி முடிந்து கிளம்பிய ஆயாம்மா ஒருவர் ஐந்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மூச்சை விடு கண்ணு’ என்றதுதான். இரண்டாவது பிரசவம் அரசு மருத்துவமனையில். அண்ணியை உள்ளே அனுமதித்தார்கள். வலி அதே வலி. ஆனால் நான் பயப்படவில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. பிரசவம் முழுக்கக் கூடவே ஒருவர் இருப்பதைப் பற்றி 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கியவற்றை, 2017-இல் காக்ரன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, வலி நேரம் குறைவு, பிரசவம் பற்றிய கசப்பும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த பிரசவ வழிகாட்டியில், அந்தப் பெண் விரும்புகிற துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை ஏற்பாடு 2000-களிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

எப்படிக் கேட்பது? எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே, ‘பிரசவ அறையில் எனக்குத் துணையாக ஒருவர் இருக்கலாமா? யார் இருக்கலாம்? கணவர் இருக்கலாமா, பெண்கள் மட்டுமா?’ என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் ஒரே அறையில் பல கட்டில்கள் இருந்தால் பெண் துணையை மட்டும்தான் விடுவார்கள். தனியாரில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி. சம்மதித்தால் உங்கள் கோப்பிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பிரசவ நாளில் பணியில் இருப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.

யாரை அழைப்பது என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. அம்மாதான் என்று நினைப்போம். என் அம்மா நான் முனகினாலே அழுதுவிடுவார். அதனால்தான் அண்ணியைக் கேட்டேன். குழந்தை பெற்ற அனுபவம், பதறாத குணம், அந்த ராத்திரி முழுக்க உட்காரும் உடம்பு, நர்ஸிடம் தன்மையாகப் பேசும் வாய், இவை இருக்கிறவரைப் பாருங்கள். சித்தியோ, நாத்தனாரோ, தோழியோ, யாராகவும் இருக்கலாம். சென்னை, கோவை போன்ற நகரங்களில் டூலா என்று பயிற்சி பெற்ற பிரசவத் துணைவர்கள் கட்டணத்துக்கு வருகிறார்கள். இந்தியாவில் அவர்களுக்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது. அதனால் எங்கே பயின்றார், எத்தனை பிரசவங்களில் இருந்திருக்கிறார், மருத்துவமனை அவரை விடுமா, நள்ளிரவில் வலி வந்தால் வருவாரா, அவரால் வர முடியாவிட்டால் யார் வருவார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். டூலா மருத்துவச்சி இல்லை. உள்பரிசோதனை செய்யவோ மருந்து கொடுக்கவோ அவருக்கு வேலை இல்லை.

துணைக்கு வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. வலி வரும்போது இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நன்றாக அழுத்துங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். வலி விட்ட இடைவெளியில் ஒரு வாய் தண்ணீர், மருத்துவர் தடுக்கவில்லை என்றால் கஞ்சியோ இளநீரோ. படுத்தே கிடக்க விடாமல் எழுப்பி நடக்கவோ உட்காரவோ வைத்துப் பாருங்கள். அவளோடு சேர்ந்து நீங்களும் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். சொல்வதைவிடச் செய்வது பலிக்கும். ‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் எதையும் அன்றைக்குச் சொல்லாதீர்கள்.

சூட்டு வலியா பிரசவ வலியா என்று பார்க்க நம் வீடுகளில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். ஒரு டம்ளர் குடிப்பதில் தவறு இல்லை. ஆனால் அதன் பலனுக்காக வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். வலி சீரான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போய், நடந்தாலும் படுத்தாலும் விடாமல் கூடினால் அது பிரசவ வலி. பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் கிளம்பிவிட வேண்டும். தேதி தாண்டியது என்று விளக்கெண்ணெய் குடிப்பது கூடவே கூடாது.

பச்சை உடம்பும் பத்தியமும்

வீட்டுக்கு வந்த பிறகு நாற்பது நாள் ஓய்வு என்று நம் முன்னோர் வைத்தது எவ்வளவு நல்ல ஏற்பாடு! பிரசவமான பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவித்து, தாய் வீட்டில் உட்கார வைத்து, வேளைக்குச் சாப்பாடு கொடுக்கும் வழக்கம். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருப்பட்டி எல்லாம் சத்தான சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம்.

விட வேண்டியவை சில உண்டு. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று தாகத்தோடு வைத்திருப்பது முதல் தவறு. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். இல்லையென்றால் மலச்சிக்கல் வந்து தையல் போட்ட இடம் பாடாய்ப் படும். பழம், காய், பருப்பை விலக்கும் பத்தியமும் வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் வயிற்றில் சேலையை இறுக்கிக் கட்டுவதும், கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடித்து ஊற்றிக்கொள்வதும் புண் ஆறும்வரை கூடாது. வெறும் கால்வலி என்று நினைத்து ஒரு காலில் மட்டும் வரும் வீக்கத்தைத் தேய்த்துவிடவே கூடாது. அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

குழந்தைக்கு? ஆறு மாதம்வரை தாய்ப்பால், மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து, அவ்வளவுதான். பிறந்ததும் சேனை வைக்கும் வழக்கத்தை, சர்க்கரைத் தண்ணீரானாலும் தேனானாலும், விட்டுவிடுங்கள். தேனை ஒரு வயதுவரை நாவில்கூடத் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு பச்சிளம் குழந்தையின் மூச்சையே நிறுத்தக்கூடியது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது, கண்ணுக்கு மை, தொப்புளில் பொடி, கற்பூரம் எதுவும் வேண்டாம். குழந்தை விடாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்ட அழைத்துப் போவார்கள். தொக்கம் எடுக்கிறேன் என்பார்கள். அந்தத் தலையும் கழுத்தும் எவ்வளவு மெல்லியவை என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போடாமல், ‘டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் பார்க்கலாம் அத்தை’ என்று சொல்லிப் பழகுங்கள். எனக்கு அது பலித்தது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது மட்டும் தொடரட்டும். மென்மையான கை, வெதுவெதுப்பான தண்ணீர், இழுத்து முறுக்காத தேய்ப்பு. அந்த வேலையைக் குழந்தையின் அப்பாவுக்குக் கற்றுக்கொடுங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தை என்றால், டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு வெற்று மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையை மருத்துவமனையிலேயே கேட்டுப் பழகுங்கள். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப்பெட்டி போதாத ஒரு மருத்துவமனையில் பிறந்த முறை இது. இதையும் அப்பா செய்யலாம்.

பால், தூக்கம், மனசு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் மூன்று நாள் பால் கொஞ்சம்தான் வரும். குழந்தையின் வயிறும் அவ்வளவு சிறியது. காம்பு மட்டும் வாய்க்குள் போனால் வெடிக்கும், வலிக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து போக வேண்டும். மூன்று நாளைக்கு மேல் வலி நின்றபாடில்லை, பால் கட்டிக் காய்ச்சல் வருகிறது, குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் போகிறது என்றால் கிராம செவிலியரிடமோ தாய்ப்பால் ஆலோசகரிடமோ நேரில் போங்கள். அவர் குழந்தை பால் குடிப்பதைப் பார்க்க வேண்டும். போனில் இதைச் சரிசெய்ய முடியாது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பால் மிஞ்சுகிறவர்கள் கொடுக்கலாம்; குறைமாதக் குழந்தைகளுக்கு அது மருந்து. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே அடங்கும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் தூக்கம் வராமல், குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமல், எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பே சுற்றிச் சுற்றி வந்தால் அது நோய், அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு. 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தமிழிலும் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம். 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், இரவும் பேசுவார்கள். காதில் குரல் கேட்கிறது, குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள், தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடுவேன் என்கிறாள் என்றால் தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேய், காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போய் நாள் கடத்தக் கூடாது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்களில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சிகிச்சை ஒரே மூச்சில் நான்கு மணி நேரத் தூக்கம். ராத்திரி ஒரு முறையை அப்பாவோ பாட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்கள் குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டுப் போகாமல், பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போகலாம்.

வேலைக்குப் போகிறவர்கள்: 2017 சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, கருச்சிதைவானால் ஆறு வாரம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். விடுப்புக் கடிதத்தை எழுத்தில் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பயணத்தில் பால் கொடுக்க, 2015-லிருந்து தமிழகப் பேருந்து நிலையங்களில் தனி அறை உண்டு. பூட்டிக் கிடந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள்.

கடைசியாக 45-ஆம் நாள். தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் போவோம். எடை பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், திரும்பிவிடுவோம். பிபி, ரத்த அளவு, தையல் ஆறியதா, இருமினால் சிறுநீர் கசிகிறதா, தூக்கம் எப்படி, அடுத்த குழந்தைக்கு இடைவெளி எப்படி என்று உங்களுக்கும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் வருஷக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. இடுப்புத் தசைப் பயிற்சியால் சரியாகக்கூடியது அது. அன்றைக்குக் குழந்தைக்குச் சீட்டு வாங்கும்போது, உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காருங்கள்.